ஷோகேஸில் இருக்கும் நாகஜோதி

கரண்டு இப்ப வராது சார். எங்க கம்பம் ஊர்ல மத்தியானம் போச்சுன்னா டீ நேரத்துக்குத்தான் எட்டிப் பாக்கும். உங்க அப்பா படத்தைப் பெரிசு பண்ணி முடிச்சுட்டேன், பிரிண்டு போடுறதுதான் பாக்கி. உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், ஒரு கால் ஆடும். இப்படி ஃபேனுக்குக் கீழ உக்காருங்க, கரண்டு வந்தா மொதக் காத்து உங்களுக்குத்தான்.

ஷோகேஸையே பாக்குறீங்களே. நடுவுல இருக்கற பெரிய படத்தைத்தானே? என் சம்சாரம் சார். நாகஜோதி. நான் எடுத்த படந்தான். அதைக் கழட்டினாத்தான் வீட்டுக்கு வருவேன்னு சொல்லிட்டு, உத்தமபாளையத்துல அவ அம்மா வீட்டுல போய் உக்காந்திருக்கா. சிரிக்காதீங்க சார். கட்டின பொண்டாட்டி படத்தை ஷோகேஸ்ல மாட்டினதுக்கு எந்த ஊர்லயாவது ஒருத்தி கோவிச்சுக்கிட்டுப் போவாளா? மாட்டலைன்னு போனாலும் ஒரு நியாயம் இருக்கு.

எல்லாம் அந்த ஆபரேஷனால வந்தது. தாடை ஆபரேஷன். கேள்விப்பட்டிருக்கீங்களா? நானும் கேள்விப்படாமத்தான் இருந்தேன், நிம்மதியா இருந்தேன்.

அவளுக்குக் கீழ்த்தாடை கொஞ்சம் முன்னாடி நிக்கும். கீழ்ப்பல் வரிசை மேல்பல்லுக்கு வெளியில வந்து நிக்கும். அவ்வளவுதான். பொறந்ததுல இருந்து அப்படித்தான். நான் ஒரு நாளும் அதை ஒரு குறைன்னு சொன்னதில்ல. சொன்னதே இல்ல சார், வேணும்னா அவளையே கேளுங்க.

அவளை மொதமொதல்ல நான் பாத்ததே இந்தக் கடையிலதான். பொண்ணு போட்டோ எடுக்கணும்னு அவ அப்பா கூட்டிட்டு வந்தாரு. எனக்கு ஒரு பார்வை போதும் சார், எந்த முகத்துல எதை மறைக்கணும்னு தெரிஞ்சிரும். தலையை எடது பக்கம் கொஞ்சம் திருப்பு, தாடையை இறக்கு, வாயை மூடு, பூவை முன்னாடி எடுத்துப் போடுன்னேன். மல்லியப்பூவைத் தோள்ல முன்னாடி விட்டுட்டா பாக்கறவன் கண்ணு நேரா அங்க போயிரும். லைட்டை இந்தப் பக்கம் குறைச்சேன். படத்தைப் பாத்து அவ அப்பாவே அசந்து போயிட்டாரு, இது நம்ம பொண்ணான்னு.

அந்தப் படத்தைப் பாத்துட்டுச் சின்னமனூர்ல இருந்து ஒரு மாப்பிள்ளை வீடு வந்துச்சு. பஜ்ஜி சாப்பிட்டாங்க, காபி குடிச்சாங்க, படத்துல இருந்த பொண்ணு வேற, இது வேறன்னு வாசப்படியிலயே சொல்லிட்டுக் கிளம்பிட்டாங்க. அடுத்து போடியில இருந்து வந்தவங்க பஜ்ஜிகூடத் தொடல. அவ அப்பா நேரா இங்க வந்து சண்டை. "ஏன்யா இவ்வளவு நல்லா எடுத்துத் தொலைச்ச?"ன்னு. என் தொழில்ல அப்படி ஒரு புகார் அதுக்கு முன்னாடியும் வந்ததில்ல, பின்னாடியும் வந்ததில்ல.

நானே கட்டிக்கிறேன் மாமான்னு சொன்னேன்.

பெரிய மனசுன்னு ஊரே சொல்லுச்சு. பெரிய மனசெல்லாம் இல்ல சார், உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. எவனுக்கும் வேண்டாம்னு ஆன பிறகு எனக்குன்னு வந்தவ. அதுல ஒரு நிம்மதி இருக்கு. அழகான பொண்டாட்டி கட்டினவனைப் பாருங்க, பஸ்ல போனா பின்சீட்டுல யாரு உக்காந்திருக்கான்னு திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே வருவான். நான் ஜன்னலோரம் சாஞ்சு தூங்கிட்டு வருவேன். அவ சிரிச்சா முந்தானையை எடுத்து வாயை மூடிக்குவா. என்ன ஒரு அடக்கம்னு எங்க அம்மா வாயாரச் சொல்லும். அடக்கந்தான் சார். வேற என்ன?

பிரச்சினை தலைவலியில ஆரம்பிச்சுது. காதுக்கு முன்னாடி விண்ணு விண்ணுன்னு வலிக்குதும்பா. கடவாப்பல் தேய்ஞ்சு போயிருக்குன்னு இங்க பல் டாக்டர் சொன்னாரு. கடி சேரல, எல்லாப் பாரமும் பின்பல்லுல விழுதுன்னு சொல்லி மதுரைக்கு எழுதிக் குடுத்தாரு. அப்பத்தான் எனக்கே தெரியும், அவளால முன்பல்லால எதையும் கடிக்க முடியாதுன்னு. முறுக்கைப் பொடிப்பொடியா ஒடிச்சு ஓரமாப் போட்டு மெல்லுவா. பரோட்டாவைக் கிள்ளிக் கிள்ளித் தின்பா. அது ஒரு நாசூக்குன்னு நான் நினைச்சிருந்தேன்.

மதுரையில பாத்தது பொம்பள டாக்டர். அதனால என்ன சார்? அந்தம்மா ரெண்டு விரலால ஜோதி மோவாயைப் பிடிச்சு அப்படித் திருப்புது, இப்படித் திருப்புது. இவ கண்ணை மூடிக்கிட்டு முகத்தைக் குடுத்துட்டு உக்காந்திருக்கா. எங்கிட்ட ஒரு நாள் அப்படிக் குடுத்ததில்ல. நான் கையை வச்சா டக்குன்னு கழுத்தைச் சுருக்கிக்குவா. எனக்கு அங்கயே வயிறு எரிய ஆரம்பிச்சிருச்சு.

அதுக்கு மேல ஒண்ணு பண்ணுச்சு அந்தம்மா. கம்ப்யூட்டர்ல இவ படத்தைப் போட்டு, தாடையை உள்ள தள்ளி, ஆபரேஷனுக்கு அப்புறம் இப்படித்தான் இருப்பீங்கன்னு காட்டுச்சு. இவ அழுதுட்டா. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. அதைத்தானே சார் நான் தினமும் இந்த மவுஸை வச்சுப் பண்றேன்! எத்தனை கல்யாணப் பொண்ணு தாடையை நான் உள்ள தள்ளியிருக்கேன்! ஒரு சொட்டு ரத்தம் உண்டா? எனக்காக ஒருத்தி அழுதிருக்காளா?

போதாததுக்கு அந்தம்மா எங்கிட்டத் திரும்பி, "வீட்டுல இவங்க பழைய படம் ஏதாவது நேரா எடுத்தது இருந்தா கொண்டு வாங்க, நீங்க போட்டோகிராபர்னு சொன்னாங்களே"ன்னு கேட்டுச்சு. வீடு பூரா தேடினேன். கல்யாண ஆல்பம், கொடைக்கானல் போனது, அவ தம்பி கல்யாணம், எல்லாத்தையும் பாத்தேன். நேர்ப் படம் ஒண்ணுகூட இல்ல. அப்படி எடுத்திருக்கேன் சார் நானு! ஒரு படத்துல தாடை தெரியும்ங்கிறீங்களா? அந்தம்மா ஆல்பத்தைப் புரட்டிட்டு மூடி வச்சிருச்சு. தொழில் தெரிஞ்சவங்களா இருந்தா ஒரு வார்த்தை பாராட்டியிருப்பாங்க.

மொதல்ல பல்லுல கம்பி போட்டாங்க. ஒண்ணரை வருஷம் போல. அதுலயே வெறுத்து விட்டுருவான்னு நான் பேசாம இருந்தேன். மாசாமாசம் லீவு போட்டுட்டு மதுரைக்குப் போவா. இங்க ஒரு ஜவுளிக்கடையில பில் போடுற வேலை அவளுக்கு. கம்பியை முறுக்கிவிட்டா ரெண்டு நாள் கஞ்சிதான், ஆனா விடல. அந்தப் பிடிவாதத்தை எங்க வச்சிருந்தான்னே தெரியல.

ஆபரேஷன் அன்னைக்கு வெளியில உக்காந்திருந்தேன். வாய்க்குள்ளேயே வெட்டி, எலும்பை அறுத்து, பின்னால தள்ளி, சின்னச் சின்ன தகடு வச்சு முடுக்கிடுவாங்களாம். வெளியில ஒரு தழும்பு கிடையாது. பயமா இருந்துச்சு சார். பொய் சொல்லல, உள்ள இருந்தவ செத்துப் போயிருவாளோன்னு கதவையே பாத்துக்கிட்டு இருந்தேன். அதே நேரத்துல, பொழைச்சு வந்தா எவளோ ஒருத்தியா வந்துருவாளேன்னும் இருந்துச்சு. ரெண்டுல எது பெரிய பயம்னு கேக்காதீங்க.

வந்தா. முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்துச்சு. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேத்து ரப்பர் மாட்டி விட்டுட்டாங்க. வாயைத் தொறக்க முடியாது, மெல்ல முடியாது. எல்லாம் தண்ணியா இருக்கணும். நான் கடையைச் சாத்திட்டேன். கேழ்வரகுக் கஞ்சி, பருப்புத் தண்ணி, கோழி சூப்பு, எல்லாத்தையும் மிக்ஸியில அடிச்சு வடிகட்டி, ஊசி போடுற சிரிஞ்சு இருக்குல்ல, ஊசியை எடுத்துட்டு அதுல உறிஞ்சி, கன்னத்து ஓரமா விட்டு விட்டு ஊட்டினேன். பேச முடியாது. வெளியில போக முடியாது. வீங்கின முகத்தோட யாரையும் பாக்கமாட்டேன்னுட்டா. எதுக்கும் நான்தான். கையால ஜாடை காட்டுவா, நான் ஓடுவேன். அந்த ஒரு மாசம், ஒண்ணரை மாசந்தான் சார் எங்க ரெண்டு பேருக்கும் பொற்காலம். ஒரு சண்டை கிடையாது.

அப்புறம் வீக்கம் வடிஞ்சுது.

ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா. காலையில எந்திரிச்சுப் பக்கத்துல பாத்தா எவளோ படுத்திருக்கா. மூக்கு மாறின மாதிரி, கண்ணு பெரிசான மாதிரி. மூக்கையும் கண்ணையும் யாரும் தொடல, தாடையைத்தான் தள்ளினாங்க, ஆனா மொத்த முகமும் மாறிப்போச்சு. நல்லா இருந்தா சார். நல்லா இருந்தாங்கிறதுதான் பிரச்சினையே.

ரப்பரைக் கழட்டி, கம்பியைக் கழட்டி, எதை வேணும்னாலும் சாப்பிடுங்கன்னு அந்தம்மா சொன்ன அன்னைக்கு, மதுரையில இருந்து வந்து இங்க பஸ் ஸ்டாண்டுல எறங்குறோம். கொய்யாப்பழம் வச்சிருந்தான் ஒருத்தன். ஒண்ணை எடுத்தா, முந்தானையில தொடைச்சா, நடுரோட்டுல நின்னு முன்பல்லால ஒரு கடி. நறுக்குன்னு சத்தம். கடிச்சுட்டு, பழத்துல பதிஞ்ச பல்லுத் தடத்தைப் பாத்துச் சிரிக்கிறா, அவ பாட்டுக்கு. வாயை மூடல. அங்க எத்தனை ஆம்பளைங்க நின்னாங்க தெரியுமா? எதிர் போட்டோக்கடை லோகுவும் நின்னான். அவன் இந்த ஊருக்குக் கடை போட வந்து ரெண்டு வருஷந்தான் ஆகுது, என் பாதி கஸ்டமரைக் கொண்டு போயிட்டான். "அக்கா, சூப்பரா இருக்கீங்கக்கா"ங்கறான். அக்காவாம்.

"வீட்டுல போய்த் தின்னா ஆகாதா?"ன்னேன்.

"முப்பத்தி நாலு வயசுல இப்பத்தாங்க மொதத்தடவை கடிக்கிறேன். இருங்க"ன்னா.

இருங்கன்னு எங்கிட்டச் சொல்றா. அதுக்கு முன்னாடி அந்த வார்த்தையை அவ வாயில இருந்து நான் கேட்டதில்ல.

அப்புறம் ஊர் சும்மா இருக்குமா? டீக்கடை மாயாண்டி, "என்ன மாப்ள, ரெண்டாங் கல்யாணத்துக்குச் சொல்லவே இல்ல"ங்கறான். கூட்டமே சிரிக்குது. டவுன் பஸ் கண்டக்டர் முன்னாடியெல்லாம் அவ கையைப் பாத்துதான் டிக்கெட் கிழிச்சுக் குடுப்பான், இப்ப முகத்தைப் பாத்துக் குடுக்கறான். அவ வேலை பாக்குற ஜவுளிக்கடையில பின்னாடி மூலையில இருந்தவளை முன்னாடி கல்லாவுக்குப் பக்கத்துல மாத்திட்டாங்க. நான் பஸ்ல தூங்குறதை விட்டுட்டேன்.

கீழுதட்டுல மட்டும் இன்னும் முழுசா உணர்ச்சி வரல அவளுக்கு. காபி குடிச்சா ஓரத்துல வடியும், அவளுக்குத் தெரியாது. நான்தான் தொடைச்சு விடுவேன். அது சரியாப் போறதுக்கு ஒரு வருஷம்கூட ஆகலாம்னு டாக்டரம்மா சொல்லுச்சு. ஆகட்டும்னு நினைச்சுக்கிட்டேன்.

ஒருநாள் வேலை முடிஞ்சு நேரா இங்க வந்தா. தலை நிறையப் பூ. நீங்க இப்ப உக்காந்திருக்கீங்கள்ல, அதே எடத்துல உக்காந்து, "என்னை ஒரு படம் எடுங்க. ஷோகேஸ்ல மாட்டணும்"ன்னா.

"இப்ப எதுக்கு?"

"ஊர்ல இருக்கற பொண்ணுங்க படமெல்லாம் மாட்டி வச்சிருக்கீங்க. நம்ம கல்யாணத்துல இருந்து பாக்குறேன், என் படத்தை ஒரு நாள் மாட்டலையே"ன்னா.

சரின்னு கேமராவை எடுத்தேன். தலையை எடது பக்கம் கொஞ்சம் திருப்பு. தாடையை இறக்கு. வாயை மூடு. பூவை முன்னாடி எடுத்துப் போடு. என் வாய் பாட்டுக்குச் சொல்லுது. அவளும் திரும்பிட்டா, பழக்கந்தானே. அப்புறம் மெதுவாத் தலையைத் தூக்கி, "இப்ப எதுக்குங்க நான் திரும்பணும்?"னா.

"எனக்குத் தெரியாதா எப்படி எடுக்கணும்னு?"

"நீங்க இன்னும் அவளைத்தான் பாத்துக்கிட்டு இருக்கீங்க"ன்னா.

எவளைங்கறேன்! பொண்டாட்டியைத்தானே பாக்குறேன்! இருந்தாலும் அவ இஷ்டத்துக்கும் நாலு எடுத்தேன். ஒண்ணுலயும் சிரிக்கல. நான் சிரிக்கச் சொல்லவும் இல்ல.

மறுநாள் மத்தியானம் அதுல ஒரு படத்தைக் கம்ப்யூட்டர்ல போட்டு உக்காந்தேன். பாக்கப் பாக்க ஆத்திரமா வந்துச்சு. யாரு இவ? இவளையா சின்னமனூர்க்காரன் வேண்டாம்னு போனான்? இந்த முகத்தை அவன் பாத்திருந்தா விட்டிருப்பானா? போடிக்காரன் விட்டிருப்பானா? இந்த ஷோகேஸ் பஸ் ஸ்டாண்டைப் பாத்து இருக்கு சார். வர்றவன் போறவன் எல்லாம் நின்னு பாப்பான். மவுஸை எடுத்தேன். தாடையைப் பிடிச்சு மெதுவா முன்னாடி இழுத்தேன். கொஞ்சந்தான். இன்னும் கொஞ்சம். உதட்டை லேசா வெளியில கொண்டு வந்தேன். சார், சத்தியமாச் சொல்றேன், ஒரு எடத்துல வந்து நின்னுச்சு பாருங்க, என் ஜோதி அப்படியே வந்து உக்காந்துட்டா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அந்தப் பல்லு, அந்தத் தாடை, ஒரு நூல் மாறல. ஒரு நேர்ப் படம்கூட இல்லாம மனசுல இருந்தே கொண்டு வந்தேன். எந்தப் புருஷன் இப்படிப் பண்ணுவான்? இந்த முப்பது மைலுக்குள்ள எந்த போட்டோகிராபர் பண்ணுவான்?

பெரிசா பிரிண்டு போட்டு, தங்கக்கலர் ஃபிரேம் போட்டு, நடுவுல மாட்டினேன். இத்தனை வருஷமா மறைச்சு மறைச்சு எடுத்ததை இப்ப எல்லாருக்கும் தெரியற மாதிரி மாட்டியிருக்கேன், எனக்கு ஒரு வெக்கமும் இல்லன்னு காட்டியிருக்கேன். சந்தோஷப்படுவான்னுதான் சார் நினைச்சேன்.

சாயங்காலம் வந்தா. கண்ணாடிக்கு முன்னாடி நின்னா. உள்ள வரவே இல்ல. அப்ப பாத்து ஒரு அம்மா, கல்யாணப் படம் வாங்க வந்தவங்க, இவளைப் பாத்துட்டு, படத்தைப் பாத்துட்டு, "உங்க அக்காவாம்மா?"ன்னு கேட்டுட்டாங்க.

இவ அந்தம்மாகிட்டத் திரும்பி, "ஆமாம்மா. அவங்கதான் இவரு சம்சாரம். நான் சும்மா பாத்துட்டுப் போக வந்தேன்"ன்னா.

நான் ஓடிப் போயிக் கையைப் பிடிச்சேன். என்ன ஜோதி, என்ன பேச்சு இது, நாலு பேரு பாக்குறாங்கன்னேன். "பாக்கட்டுமே. உங்களுக்கு அவதானே வேணும், வச்சுக்கங்க. அதைக் கழட்டினீங்கன்னா சொல்லி அனுப்புங்க, வர்றேன்"ன்னா. கத்தல. அழல. உத்தமபாளையம் பஸ் நின்னுச்சு, ஏறிப் போயிட்டா.

கழட்டுறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும் சார்? ஒரு ஸ்க்ரூதான். எத்தனையோ தடவை ஸ்க்ரூ டிரைவரைக் கையில எடுத்துட்டேன். ஆனா அதைக் கழட்டிட்டா எனக்குன்னு இருந்தவ எங்க போவா? அப்புறம் ஊருக்குப் பொதுவா ஒருத்தி வருவா, நான் அவ பக்கத்துல நடந்து போகணும், எவன் பாக்குறான்னு பாத்துக்கிட்டே. அவதான் எறங்கி வரணும். வருவா. எங்க போயிருவா?

போன வாரம் வரைக்கும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

போன வாரம் காலையில ஷட்டரைத் தூக்குறேன், எதிர்ல லோகு கடை ஷோகேஸ்ல அவ. ஆமா சார், நீங்க வர்றப்பப் பாத்திருப்பீங்க, மஞ்சப் பொடவை. அவதான் அது. நான் இழுக்காத முகம். நேரா உக்காந்திருக்கா. கையை மடியில வச்சிருக்கா. கடவாப்பல் வரைக்கும் தெரியச் சிரிக்கிறா சார்! எத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன், எனக்கு அந்தச் சிரிப்பைக் காட்டினதில்ல. நேத்து வந்த பயலுக்குக் காட்டியிருக்கா. நான் இங்க உக்காந்து நிமிந்தா அவதான். கஸ்டமர் வர்றாங்க, பேசுறாங்க, எனக்குக் காது கேக்கல. கண்ணு அங்கயே போகுது.

நேத்து தாங்க முடியல. ரோட்டைத் தாண்டிப் போயி லோகு சட்டையைப் பிடிச்சுட்டேன். "என்னடா சொன்ன அவகிட்ட? எதைச் சொல்லி அப்படிச் சிரிக்க வச்ச?"ன்னு.

"அண்ணே, நான் ஒண்ணும் சொல்லலண்ணே. 'நேராப் பாருங்கக்கா'ன்னு மட்டுந்தாண்ணே சொன்னேன்"ங்கறான்.

பொய் சொல்றான் சார். மூஞ்சியைப் பாத்து அழுத்தமாப் பொய் சொல்றான். நீங்க வெளியூர்க்காரரு, உங்களுக்கு இவனும் ஒண்ணு நானும் ஒண்ணு, நடுவுல நின்னு சொல்லுங்க. நேராப் பாருன்னு சொன்னதுக்கா ஒரு பொம்பள அப்படிச் சிரிப்பா?